வடக்குப் பார்த்த ஜன்னல்

புனே நகருக்குப் பிழைப்பை நாடி வந்த நம்மவர்கள் வாடகைக்கு இடம் பார்க்கும்பொழுது கேட்கும் கேள்விகள் சங்கத்து அன்பர்கள் அனைவரும் அறிந்தவையே. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்? ரயில் நிலையம் எவ்வளவு தூரம்? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அருகில் உண்டா? முன்பணம் எத்தனை மாத வாடகை? இவற்றோடு நம் குடும்பத்தில் சென்ற ஆண்டு புதிதாக ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது. இந்த அறைக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதே அது. அதைக் கேட்கத் தெரியாமல் முதலில் ஓர் அறையை எடுத்தோம். கேட்கக் கற்றுக்கொண்டபின் வேறோர் அறையை எடுத்தோம். இரண்டிற்கும் இடையே நடந்ததை எழுதும்படி சங்கத்தில் சில அன்பர்கள் பணித்தனர். படம் வரையும் பிள்ளைகள் இப்பொழுது நம் வீடுகளில் பலர் இருக்கின்றனர் அல்லவா?

நம் தமக்கையாரின் மகன் ஓவியக் கல்லூரியில் படித்துத் தேறியவன். விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்தது, ஓராண்டு பார்த்தான், கணினியின் முன் உட்கார்ந்து எழுத்தை நகர்த்துவதற்கா படித்தேன் என்று சொல்லி விட்டுவிட்டான். எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் எழுதிப் பிழைப்பேன் என்றான். தமக்கையார் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்; பிறகு தம் கழுத்துச் சங்கிலியை அடகுக்கு அனுப்பினார். அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மார்கழி மாதத்தில், நாமும் அவனும் இடம் தேடினோம்.

கடைத்தெரு ஒன்றில் மூன்றாம் மாடியில் ஓர் அறை. மேற்குப் பார்த்து இரண்டு பெரிய ஜன்னல்கள். நாம் பார்க்கப் போனது மாலை நாலரை மணி. அறை முழுவதும் பொன்னை உருக்கி வார்த்தாற்போல் இருந்தது. “வெளிச்சம் கொட்டுகிறது, இதைவிட வேறென்ன வேண்டும்?” என்று சொன்னவர் நாமேதாம். மருமகன் சற்றுத் தயங்கினான். வாடகைத் தரகர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே முன்பணம் கொடுத்தாயிற்று.

முதல் வேலை நம் பழக்கத்தாலேயே வந்தது. ரயில்வேயில் கார்டாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர் காலமாகியிருந்தார். முதலாண்டுத் திதிக்குள் அவருடைய படத்தை எண்ணெய் வண்ணத்தில் எழுதி நடுக்கூடத்தில் மாட்டவேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். கையில் இருந்ததோ அலுவலகத்துக்காக முன்னாளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான். நிறத்துக்கு அவர் மனைவியாரின் வாய்ச்சொல்லே சாட்சி. “நல்ல மாநிறம் தம்பி. வெயிலில் நின்று கொடி காட்டியவர். நெற்றி மட்டும் தொப்பிக்குள் இருந்ததனாலே கொஞ்சம் வெளுப்பு” என்று அந்த அம்மாள் சொன்னார். மருமகன் ஆறு வாரம் உழைத்தான். மாலை வெயில் கண்ணில் அடித்தபடியால் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரையே எழுதினான். அவன் அறையில் பார்த்தபொழுது படம் மிக நன்றாகவே இருந்தது.

அதை எடுத்துக்கொண்டுபோய் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நிறுத்தியபொழுது நமக்கே திக்கென்றது. முகம் சிவந்திருந்தது. கன்னமும் காது மடலும் தீயில் வாட்டினாற்போல் தெரிந்தன. அம்மாள் வெகுநேரம் பார்த்தார். பிறகு, “கடைசிப் பத்து நாளும் காய்ச்சலில் இப்படித்தான் இருந்தார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பிள்ளைகள் பண்பானவர்கள், எதுவும் கூறவில்லை. மருமகன்தான் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படத்தைத் துணியால் மூடி எடுத்து வந்தான். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் ஒரு சொல்லும் பேசவில்லை.

நமக்குத் தெரிந்த ஓவிய ஆசிரியர் ஒருவர் உண்டு. மராட்டியர், பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லாரும் அவரை ‘ஸர்’ என்றே அழைப்பர். மறுநாட் காலை ஒன்பது மணிக்கு அவரை அறைக்கு அழைத்து வந்தோம். அவர் படத்தைப் பார்க்கவேயில்லை. ஜன்னல் வழியே எதிரே பார்த்தார். தெருவின் மறுபக்கத்தில் மூன்று மாடிக் கட்டிடம் ஒன்று, சுவர் முழுவதும் கிளிப்பச்சை வண்ணம். கிழக்கே எழுந்த வெயில் அந்தச் சுவரில் முழுவதுமாக அடித்துக்கொண்டிருந்தது. ஸர் தம் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து வண்ணத்தட்டின் அருகில் விரித்தார். “இது என்ன நிறம்?” என்றார். வெள்ளை என்றோம். அதை எடுத்துக்கொண்டு மாடிப்படி வழியாக மொட்டைமாடிக்கு வரச்சொல்லி, நிழலில் பிடித்துக் காட்டினார். மீண்டும் அறைக்குள் வந்து விரித்தார். அப்பொழுதுதான் தெரிந்தது, அறைக்குள் அந்தக் கைக்குட்டை இளம்பச்சை.

நடந்தது இதுதான். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் காலை முழுவதும் அறைக்குள் நிறைந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் மாநிறத்தைக் குழைத்தால் அது வாடிப் பச்சை பாய்ந்து தெரியும். பையன் அதைச் சரிசெய்வதாக எண்ணிக்கொண்டு சிவப்பைக் கூட்டியிருக்கிறான். எதிரில் ஆளை உட்காரவைத்து எழுதியிருந்தால் ஆள் முகமும் அதே வெளிச்சத்தில் அல்லவா இருந்திருக்கும்? தவறு இவ்வளவு பெரிதாகியிராது. இங்கே கறுப்பு வெள்ளைப் படமும் கேட்ட சொல்லும் மனத்தில் இருந்த நிறமுமே துணை. கண்ணோ, மனித உடம்பில் எளிதில் ஏமாறும் உறுப்பு. வெளிச்சம் சிறிது நிறம் மாறினால் அதற்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொண்டு, வெள்ளையை வெள்ளை என்றே நம்மிடம் சொல்லிவிடும். ஏமாறாதது வண்ணம் ஒன்றுதான். அது வேறு வீட்டுக்குப் போனதும் உண்மையைச் சொல்லிவிட்டது.

மாலையிலோ வேறு தொல்லை. மேற்கு வெயில் நேரே உள்ளே விழும். மஞ்சள் வெளிச்சத்தில் இளமஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வேற்றுமை தெரியாது. ஈர எண்ணெய் வண்ணம் கண்ணாடிபோல் பளபளத்துக் கண்ணைக் கூசவைக்கும். நிழல்கள் அரைமணிக்கு ஒருமுறை இடம் மாறும். நாம் பொன் என்று எண்ணி மயங்கியது இதைத்தான்.

ஓவியக்கூடத்துக்கு வேண்டியது நிறைய வெளிச்சமன்று, மாறாத வெளிச்சம் என்று ஸர் சொன்னார். சூரியனை நேரே பாராமல் வானத்தை மட்டும் பார்க்கும் ஜன்னல் வேண்டும். ஐரோப்பிய ஓவியர்கள் வடக்குப் பார்த்த ஜன்னலை நாடியதன் காரணம் அதுவே. லண்டன் போன்ற ஊர்களில் நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கும்; வடக்கு ஜன்னலில் கோடைக்காலத்து விடியலிலும் மாலையிலும் தவிர வெயில் விழாது. பழைய பட்டறைகளிலும் நூற்பாலைகளிலும் கூரை வாள்பற்களைப் போல் வரிசையாக எழுந்து நிற்பதை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பற்களின் செங்குத்தான முகம் வடக்கு நோக்கியிருக்கும், அதில்தான் கண்ணாடி பதித்திருப்பார்கள். நாமும் அத்தகைய கூரைகளைப் பல்லாண்டு பார்த்திருக்கிறோம். மழைநீர் வடிவதற்கென்றே எண்ணியிருந்தோம்! வேலை செய்பவன் கண்ணில் வெயில் அடியாமல் சீரான வெளிச்சம் தருவதே அதன் நோக்கம்.

அடுத்த ஞாயிறு ஸர் எங்கள் இருவரையும் சனிவார் வாடாவுக்கு அழைத்துச் சென்றார். அறை தேடவேண்டிய நேரத்தில் கோட்டையைச் சுற்றிப் பார்ப்பானேன் என்று உள்ளூரச் சலித்துக்கொண்டே போனோம். புனேயில் பத்தாண்டுக்கு மேலாக வாழ்ந்தும் அந்த இடத்தைப் பற்றி நாம் அறிந்திருந்தது அற்பமே. முதலாம் பாஜிராவ் பேஷ்வா 1730ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், ஒரு சனிக்கிழமையன்று, அடிக்கல் நாட்டியதால் அதற்கு அப்பெயர். 1828ஆம் ஆண்டில் பற்றிய பெருந்தீயில் உள்ளிருந்த மாளிகைகள் எரிந்துபோயின. இன்று நிற்பவை வெளிமதிலும் வாயில்களும் அடித்தளங்களுமே. தலைவாயிலான தில்லி தர்வாஜா வடக்குப் பார்த்தது.

அந்த மாளிகையின் ஓர் அறையில் 1790களில் ஓவியப் பள்ளி ஒன்று நடந்தது என்று ஸர் சொன்னபொழுது நமக்கு வியப்பாக இருந்தது. அப்பொழுது பேஷ்வாவாக இருந்தவர் இளைஞரான சவாய் மாதவராவ். ஆங்கிலக் கம்பெனியின் தூதராகப் புனேயில் இருந்தவர் சார்லஸ் மாலெட். அவர் அழைப்பின்பேரில் ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் ஸ்காட்லாந்து ஓவியர் இங்கு வந்தார். பேஷ்வாவையும் நானா பட்னவீஸையும் சேர்த்து அவர் 1792ஆம் ஆண்டில் எழுதிய எண்ணெய் ஓவியம் இன்று லண்டனில் ராயல் ஏஷியாட்டிக் சொஸைட்டியில் இருக்கிறது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு மேனாட்டு முறையில் படம் எழுதக் கற்பிக்க அரண்மனையிலேயே இடம் தந்தார்கள். அங்கே பயின்றவர்களில் பெயர் நிலைத்தவர் கங்காராம் தாம்பட். தாம்பட் என்றால் செம்புப் பாத்திரம் அடிப்பவர்; கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி என்னும் தெருவில் அத்தொழிலாளரின் சுத்தியல் ஒலி இன்றைக்கும் கேட்கிறது. கங்காராம் எல்லோராக் குகைகளை வரைந்த படங்கள் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பள்ளியின் ஆயுள்தான் குறுகிப்போயிற்று. 1795ஆம் ஆண்டில் வேல்ஸும் இறந்தார், அதே ஆண்டில் பேஷ்வாவும் மாளிகையின் மாடத்திலிருந்து விழுந்து உயிர் நீத்தார். வேல்ஸ் விட்டுச்சென்ற கோட்டுப்படங்களைக் கொண்டு தாமஸ் டேனியல் என்பவர் 1805ஆம் ஆண்டில் முடித்த பேஷ்வா தர்பார் ஓவியம் லண்டன் டேட் கலைக்கூடத்தில் உள்ளது.

நிற்க. ஸர் எங்களை அங்கே அழைத்துச் சென்றது இந்தக் கதைக்காக மட்டும் அன்று. கோட்டை மதிலைச் சுட்டிக்காட்டி, “இந்த மதிலுக்குள் இருந்த அறைக்கு வெளிச்சம் எந்த வழியாக வந்திருக்கும்?” என்று கேட்டார். வெளிப்பக்கம் கனத்த மதில். ஆகவே உள்ளே இருந்த முற்றங்களின் வழியாகத்தான் வந்திருக்கவேண்டும். மராட்டியர் அதைச் சௌக் என்பர். நம் ஊர்ப் பழைய வீடுகளின் முற்றமும் அதுவே. தெருப்பக்கத்தில் திண்ணையும் இருட்டு ரேழியும், உள்ளே வந்தால் முற்றத்தில் வானம். “புனேக்காரன் வீட்டில் வெளிச்சம் தெருவிலிருந்து வருவதில்லை. நீங்கள் தெருப்பக்கமே தேடினீர்கள்” என்றார் ஸர். முற்றத்தின் தெற்குச் சிறகில் மேல்மாடியில் ஓர் அறை இருந்தால் அதன் உள்ஜன்னல் வடக்கைப் பார்க்கும். கண்ணுக்கு எதிரே தெருக்காரன் பூசிய வண்ணம் இராது, வானமும் சுண்ணாம்புச் சுவரும்தான் இருக்கும். அதைத் தேடச் சொன்னார்.

சென்னையில் 1966ஆம் ஆண்டில் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் ஒன்றுகூடி, கைவினைப் பொருள்களை விற்ற பணத்தைக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்துக்கொண்டார்கள். சொந்த மண்ணில் தன் ஜன்னலைத் தான் விரும்பிய திசையில் வைத்துக்கொள்ளலாம். அயலூரில் வாடகைக்கு இருப்பவனுக்கு அந்த உரிமை ஏது? யாரோ எப்பொழுதோ வைத்த ஜன்னல்களில் தனக்கு ஏற்றதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவன் பாடு.

ஐந்து வாரம் தேடினோம். நாராயண் பேட்டை, சதாசிவ் பேட்டை, கஸ்பா, நம்மவர் நெடுங்காலமாக வாழும் ராஸ்தா பேட்டை என்று சந்து சந்தாக அலைந்தோம். பல வாடாக்கள் இடிபட்டு அடுக்குமாடிகளாகி விட்டன. எஞ்சியவற்றிலும் முற்றத்துக்குத் தகரக் கூரை போட்டு மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்கள். ஓரிடத்தில் வடக்கு ஜன்னல் கிடைத்தது. எட்டடி தள்ளி அடுத்த வீட்டுச் சுவர். ஜன்னலருகில் நின்று பார்த்தால் வானம் தெரிகிறதா என்பது கேள்வியன்று, படம் நிற்கப்போகிற இடத்திலிருந்து தெரிகிறதா என்பதே கேள்வி என்று அங்கேதான் கற்றோம். அறையின் ஆழமும் முக்கியம். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம்வரைதான் வேலைக்குதவும் வெளிச்சம் உள்ளே செல்லும். அதற்கப்பால் அறை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது சாமான் போடத்தான் ஆகும். ஆகையால் அகன்ற ஜன்னலைவிட உயர்ந்த ஜன்னல் நல்லது.

இறுதியில் கிடைத்த அறை ஒரு பழைய வாடாவின் மேல்மாடி. தெற்குச் சிறகு, ஜன்னல் முற்றத்தின்மேல் வடக்கே திறக்கிறது, எதிர்ச்சிறகு ஒரு மாடி தாழ்வு, ஆகவே அதன் ஓட்டுக்கு மேலே வானம் தாராளமாகத் தெரிகிறது. சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. தரை சாம்பல் நிற ஷாபாத் கல். இதுவும் அதிர்ஷ்டமே. சிவப்புச் சாந்துத் தரையாக இருந்தால் வெளிச்சம் அதில் பட்டு எழும்பிப் படத்துக்குக் கீழிருந்து சிவப்பு ஏற்றும். அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் எண்பதை நெருங்கியவர். நாம் அவரைக் காகா என்று அழைக்கிறோம். “குளிர்காலத்தில் துளி வெயில் வராது, யாரும் கேட்பதில்லை” என்று வெளிப்படையாகவே சொன்னார். வெயில் வராது என்பதற்காகவே கேட்கிறோம் என்றதும் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். எல்லாரும் தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள், வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டவர் நீங்கள்தான் என்று சிரித்தார். வடக்கு குபேரனுக்குரிய திசை என்று நம் வீட்டில் சொன்னார்கள். வாடகை முந்தைய அறையைவிடக் குறைவாக இருந்ததை எண்ணினால் அதுவும் உண்மைதான் போலும்.

இம்முறை அன்றே பணம் கொடுத்துவிடவில்லை. காகாவிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தவணை கேட்டோம். வெளுத்த பழைய வேட்டி ஒன்றை இரண்டாகக் கிழித்து, ஒரு துண்டை அறைக்குள் படம் நிற்கப்போகும் இடத்திலும் மற்றொன்றைத் திறந்த மாடியில் நிழலிலும் கட்டினோம். காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று, மாலை ஐந்து என்று நான்கு வேளை இரண்டையும் கைப்பேசியில் படமெடுத்து ஒப்பிடலாம் என்று நாம் சொன்னோம். மருமகன் வேண்டாம் என்றான். கைப்பேசியும் நம் கண்ணைப்போலத் தானே வெள்ளையைச் சரிசெய்துவிடுமாம். ஆகவே உள்துண்டின் ஓரத்தைச் சிறிது வெட்டி வெளியே கொண்டுபோய்ப் பார்ப்பதும், வெளித்துண்டை உள்ளே கொண்டுவருவதுமாக ஓடினோம். வாடாவில் குடியிருந்த குழந்தைகள் வேடிக்கை பார்த்துக் கைகொட்டினர். நான்கு வேளையும் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பிற்பகலில் மட்டும் சற்று நீலச்சாயல், அது வானத்தின் நிறம். அதனால் கெடுதி இல்லை என்று ஸர் சொன்னார்.

பங்குனியில் குடியேறினான். ஜன்னலின் கீழ்ப்பாதியைச் சாம்பல் நிறத் துணியால் மூடினோம். வெளிச்சம் உயரத்திலிருந்து சரிவாக இறங்கவேண்டும். அப்பொழுதுதான் முகத்தில் மூக்கின் நிழலும் தாடையின் நிழலும் தெளிவாக விழும். எழுதுபவன் வலக்கைக்காரனாதலால் ஜன்னல் அவனுக்கு இடப்பக்கமாக இருக்கும்படி தாங்கியை நிறுத்தினோம். இல்லையேல் தன் கையின் நிழலே தான் வைக்கும் வண்ணத்தின்மேல் விழும். குழந்தைகளுக்கு வீட்டில் எழுதும் மேசை போடும்பொழுதும் இதே விதிதான். அடுத்த வீட்டு நண்பர் ஒருவர், “எல்.இ.டி. விளக்கு இருக்கும் காலத்தில் ஜன்னலுக்கு ஏன் இவ்வளவு பாடு?” என்றார். விளக்கும் வாங்கி வைத்திருக்கிறோம். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண் உண்டு. வீட்டில் போடும் பல்புகள் எண்பதை ஒட்டியிருக்கும், ஓவியத்துக்குத் தொண்ணூறுக்கு மேல் வேண்டும். இரவில் கான்வாஸை இழுத்துக் கட்டவும் கோடு போடவும் அவ்விளக்கு உதவுகிறது. முகத்தின் நிறத்தை மட்டும் அவன் பகலில்தான் குழைக்கிறான்.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் மாலை தொலைபேசியில் பதற்றத்தோடு அழைத்தான். “மாமா, வடக்கு ஜன்னலில் வெயில் வருகிறது!” அலுவலகம் முடிந்து ஓடினோம். ஐந்தரை மணி வெயில் ஜன்னலின் மேற்கு ஓரமாகச் சாய்ந்து நுழைந்து, எதிர்மூலைச் சுவரில் கோடு போட்டிருந்தது. ஏமாந்துவிட்டோமோ என்று அடிவயிறு கலங்கியது. ஸரைக் கேட்டால் நிதானமாகச் சிரித்தார். ஐரோப்பியர் சொன்ன விதியை அப்படியே புனேக்குக் கொண்டுவந்தால் இப்படித்தான் என்றார்.

இதை நாம் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் இடம் பார்ப்பவர் பலரும் அறியாத செய்தி இது. புனே வடக்கே பதினெட்டரைப் பாகையில் இருக்கிறது. சூரியன் வடக்கே இருபத்து மூன்றரைப் பாகை வரையில் போய்வருகிறான். ஆகையால் மே 14 அளவில் நண்பகலில் அவன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வருகிறான். அன்று நட்டுவைத்த கம்புக்கு நிழல் இராது. அதன்பின் ஜூலை 29 அளவில் திரும்ப உச்சிக்கு வரும்வரையில் நண்பகற் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறான். மார்ச் 21க்கும் செப்டம்பர் 23க்கும் இடைப்பட்ட ஆறு மாதமும் அவன் உதிப்பதும் மறைவதும் நேர்க்கிழக்கு மேற்குக்குச் சற்று வடக்கே தள்ளித்தான். தமிழ்நாடு இன்னும் தெற்கே இருப்பதால் அங்கே இது இன்னும் நீண்ட காலம். சென்னையில் நிழலில்லா நாள் ஏப்ரல் 24 அளவிலேயே வந்துவிடுகிறது. ரயில்வேக்காரரான நமக்கு இது நன்றாகவே புரிந்தது. சூரியனுக்கும் கால அட்டவணை உண்டு. நம்முடையதைப்போல் அது தாமதமாவதில்லை. நாம்தான் மாசி மாதத்து வண்டியைப் பார்த்துவிட்டு ஆண்டு முழுவதும் அதே நேரம் என்று எண்ணிவிட்டோம்.

பரிகாரம் எளிது. உச்சிவெயில் மிகச் செங்குத்தாக விழுவதால் ஜன்னலின் மேலுள்ள ஓட்டுச்சாய்ப்பே அதைத் தடுத்துவிடுகிறது. புதுக் கட்டிடமாயின் சன்ஷேடு அந்த வேலையைச் செய்யும். சாய்ப்பு இல்லாத வடக்கு ஜன்னலை மட்டும் எடுக்கலாகாது. காலை மாலை வெயில் பக்கவாட்டில் வருவது. அதற்கு ஜன்னலின் இரு ஓரங்களிலும் வெளிப்புறமாக நெட்டுப் பலகை வைத்தோம், மீதிக்கு வெள்ளை மல் துணித் திரை. ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை தொடங்கிவிட்டால் மேகமே பெருந்திரை. ஆடி மாதத்தில் புனேயின் வானம் முழுவதும் ஒரே சாம்பல் விளக்காகிவிடுகிறது. மருமகன் அந்த மாதங்களைத்தான் பொன்னாகப் போற்றுகிறான்.

குறையையும் சொல்லிவிடவேண்டும். வெயில் படாத அறையில் மழைக்காலத்து ஈரம் போகாது. எண்ணெய் வண்ணம் காய்வதற்கு இருமடங்கு நாளாகிறது. சுவரோடு சாய்த்துவைத்த இரண்டு கான்வாஸ்களின் முதுகில் பூஞ்சணம் பூத்துவிட்டது. இப்பொழுது எல்லாவற்றையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரச்சட்டத்தின்மேல் வைக்கிறான். மார்கழியில் விரல் விறைக்கும் என்று காகா எச்சரித்திருக்கிறார்.

ஆடி மாதத்தில் கார்டு ஐயாவின் படத்தை மீண்டும் எழுதினான். யாரும் கேட்கவில்லை, பணமும் பேசவில்லை. ஆவணியில் திதி என்பது அவனுக்கு நினைவிருந்தது. முன்பு எழுதிய படத்தைத் திருத்தாமல் புதிய கான்வாஸில் தொடங்கினான். அதைக் கொண்டுபோகும் நாளில் நம்மையும் உடன் அழைத்தான். கூடத்துச் சுவரில் ரவிவர்மாவின் லட்சுமி படம் ஒன்று பழுப்பேறித் தொங்குகிறது. அம்மாளின் மாமியார் காலத்துப் படமாம். ரவிவர்மா 1894ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கிய அச்சகம் 1899ஆம் ஆண்டில் லோணாவளாவை அடுத்த மளவலிக்கு வந்தது. நம் புனே லோணாவளா லோக்கல் வண்டி நாள்தோறும் நிற்கும் அதே மளவலிதான். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்ட அந்தப் படங்கள் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. 1972ஆம் ஆண்டில் அந்த அச்சகம் தீக்கிரையாயிற்று. மருமகன் அந்த லட்சுமியின் கையையே சிறிதுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு துணியை விலக்கித் தன் படத்தை அதன் அருகே நிறுத்தினான்.

அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அருகில் வந்தார். நெற்றியில் தொப்பி மறைத்த அந்தச் சற்றே வெளுத்த பட்டை இருந்தது. கன்னம் மாநிறம். அம்மாள் ஒன்றும் பேசவில்லை. கையை நீட்டியவர், வண்ணம் காய்ந்திருக்குமோ என்று தயங்கி இழுத்துக்கொண்டார். “தொடலாம் பாட்டி, காய்ந்துவிட்டது” என்றான் மருமகன். முழுவதும் காய ஆறு மாதம் ஆகும் என்று நமக்கு முன்பு சொன்னவன் அவன்தான்.

எங்கே மாட்டலாம் என்று மூத்த பிள்ளை ஆணியும் சுத்தியலுமாக வந்தார். வாசலுக்கு எதிர்ச்சுவரைக் காட்டினார். மருமகன் அவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஜன்னலருகே போய் வெளியே எட்டிப் பார்த்தான்.